முதன்முதலில் எந்தக் கறியைச் சமைப்பது?

செலவு ரசத்துக்கு மல்லியும் மிளகும் சீரகமும் எந்தப் பதத்தில் வறுபட வேண்டும் என்பதை 10 வயதில் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். பச்சைக் கோழிக்கறியை முதன்முதலாகக் கையில் எடுத்துக் கழுவியபோது எனக்கு வயது 42. ஈரோட்டுப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சைவம் உண்ணும் வீட்டில் பிறந்து, கறி சமைக்கும் வீட்டில் பெண் எடுத்தவன் நான். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 அளவும் ஹீமோகுளோபினும் குறைந்திருப்பது தெரிந்தபோது, மாத்திரையா கறியா என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: அந்தக் குறைவைச் சரிசெய்ய மருத்துவர் தரும் மாத்திரையும் ஊசியுமே போதும், பாலும் தயிரும் ஓரளவு பி12 தருகின்றன, சைவத்தை விட மனமில்லாதவர் இதற்காக அதை விட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் மாத்திரையையும் எடுத்துக்கொண்டேன், கறி சமைக்கவும் தொடங்கினேன். உடல்நலம் அதற்குப் பாதிக் காரணம். மனைவிக்கும் மகளுக்கும் பிடித்ததை என் கையாலேயே சமைத்துப் போட வேண்டும் என்று பல ஆண்டுகளாக இருந்த ஆசை மீதிக் காரணம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். முட்டையில் தொடங்கினால் மனம் பழகும் என்பார் ஒருவர். நாட்டுக்கோழியைத் தவிர வேறெதையும் தொடாதே என்பார் இன்னொருவர். மீன்தான் எளிதில் செரிக்கும் என்பவரும், ரத்தம் ஊற வேண்டுமானால் வெள்ளாட்டுக்கறிதான் என்பவரும் உண்டு. ஓராண்டுக்கும் மேலாக இவை ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சமைத்துப் பார்த்த பிறகு, என்னைப் போலப் புதிதாக வருபவருக்கு எலும்போடு கூடிய பிராய்லர் கோழித் தொடைக்கறியே முதல் கறியாக இருக்கத் தக்கது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். சைவச் சமையலில் கைதேர்ந்தவருக்கு மசாலைப் பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. வதக்குவது, தாளிப்பது, புளியின் அளவு, உப்பின் அளவு எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது ஒன்றே: சதை எப்போது வெந்தது, எப்போது வெந்து மீறியது என்பது. ஐந்து நிமிடம் முன்பின்னானாலும் கெட்டுப்போகாத கறியில் அந்தப் பாடத்தைப் படிப்பதே நல்லது. மற்றக் கறிகளை இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறேன்.

முட்டையை விரைவாகவே கடந்துவிடலாம். நாமக்கல் நமக்குப் பக்கத்தில் இருப்பதால் முட்டைக்குப் பஞ்சமில்லை, விலையும் குறைவு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், ஓரளவு பி12ம் உண்டு. மனத்தடையைத் தாண்ட அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் முட்டையை வேகவைக்கக் கற்றவருக்குச் சதையை வேகவைப்பது பற்றி எதுவும் தெரிந்திருக்காது. பச்சைக்கறியைக் கையாளும் சுத்தமும் அதனால் பழகாது. இரண்டு வாரம் முட்டைக் குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு மேலே போய்விட வேண்டும் என்பதே என் கருத்து.

பிராய்லர் கோழியைப் பற்றி நம் பகுதியில் இரண்டு விதமான பேச்சு உண்டு. பல்லடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏராளமான குடும்பங்கள் கறிக்கோழிப் பண்ணை வைத்துப் பிழைக்கின்றன. அதே ஊர்களில், ஊசி போட்டு வளர்த்த கோழி உடம்புக்கு ஆகாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பிராய்லர் 35 முதல் 42 நாளில் சுமார் இரண்டு கிலோ எடைக்கு வருவதற்கு ஹார்மோன் ஊசி காரணமன்று. பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும், கணக்கிட்டுக் கொடுக்கும் தீவனமுமே காரணம். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றித்தான். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்ததும் அந்தக் கவலையால்தான். தெரிந்த பண்ணையிலிருந்து வாங்கும் கடை, கண்ணெதிரே வெட்டித் தரும் கடை, வியாபாரம் மிகுந்து கறி தேங்காமல் போகும் கடை என்று பார்த்து வாங்குவதே வாங்குபவரால் செய்யக்கூடிய காரியம்.

பிராய்லரிலும் நெஞ்சுக்கறியா தொடைக்கறியா என்பதில் நான் முதலில் தவறினேன். கொழுப்புக் குறைவு, புரதம் அதிகம் என்று படித்துவிட்டு எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரைக் கிலோ வாங்கி வந்து, துவரம்பருப்புக்கு வைப்பதுபோல் குக்கரில் மூன்று விசில் விட்டேன். திறந்து பார்த்தபோது குழம்பு நன்றாகத்தான் இருந்தது. கறியோ தேங்காய் நாரைப் போல் இழை இழையாகப் பிரிந்து, மெல்ல மெல்ல வாயில் சக்கையாகத் திரண்டது. மகள் ஒரு துண்டை மென்றுவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். காரணம் பிறகு விளங்கியது. நெஞ்சுக்கறியில் கொழுப்பும், சதை இழைகளைப் பிணைத்து நிற்கும் இணைப்புத் திசுவும் மிகக் குறைவு. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தால் அது வெந்துவிட்டது. அதற்குமேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை நெருங்குகிறது. தொடைக்கறியிலோ இணைப்புத் திசு சற்றுக் கூடுதல். சூடு ஏற ஏற அது கரைந்து வழவழப்பாகிக் கறியைக் காப்பாற்றுகிறது. 20 நிமிடத்திலும் உண்ணலாம், 30 நிமிடத்திலும் உண்ணலாம். தோலை உரித்துவிட்டால் கொழுப்பும் பெருமளவு போய்விடுகிறது. புரதத்தில் நெஞ்சுக்கறிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 100 கிராமுக்குச் சில கிராம்தான். அந்தச் சில கிராமுக்காகத் தொடக்கக்காரர் தம் ஊக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

தொடைக்கறியை எந்த முறையில் சமைப்பது என்று கேட்டால், பள்ளிபாளையம் முறையைக் காட்டிலும் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வரும் பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் அந்த வறுவலுக்கு மசாலாத்தூள் எதுவும் வேண்டாம். அரைக் கிலோ கறிக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சின்ன வெங்காயம், விதை தட்டிக் கிள்ளிய வரமிளகாய் பத்துப் பன்னிரண்டு, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் ஒரு கைப்பிடி, உப்பு, மூன்று தேக்கரண்டி எண்ணெய், இவ்வளவுதான். மிளகாயின் விதையைத் தட்டிவிடுவதால் நிறமும் மணமும் இருக்க, காரம் மட்டும் தணிந்துவிடுகிறது. மசாலா மூடி மறைக்காததால் கறியின் மாற்றம் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும், நமக்குப் பாடமும் அதில்தான் இருக்கிறது.

நான் முதன்முறை செய்தபோது என் மாமியார் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வடச்சட்டியில் வெங்காயம் வதங்கி, கறியைப் போட்டுக் கிளறி, பழக்கதோஷத்தில் நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தபோது, “தண்ணி ஊத்தாதீங்க மாப்பிள்ளை, கறியே தண்ணி உடுமுங்க” என்றார். தட்டைப் போட்டு மூடி, தீயைக் குறைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால், இளஞ்சிவப்பாக இருந்த சதை வெளிறிச் சுருங்கி, பாதிக் கறி முங்கும் அளவுக்கு மஞ்சள் நிறத் தண்ணீர் நின்றது. அதிலேயே கறி வெந்தது. அடுத்த 15 நிமிடத்தில் அந்தத் தண்ணீர் மெல்லச் சுண்டி, கொதிக்கும் ஓசை மாறிச் சடசடவென்று பொரியும் ஓசை வந்தபோது, “இப்பப் பாருங்க” என்று ஒரு தொடையை எடுத்து எலும்பை ஒட்டிக் கத்தியால் கீறிக் காட்டினார். கசிந்த நீர் தெளிவாக இருந்தது. எலும்போரச் சதையில் பச்சைச் சிவப்பு இல்லை. காலெலும்பின் முனையிலிருந்து சதை அரை விரற்கடை மேலேறியிருந்தது. வெந்த கோழிக்கு அடையாளம் இம்மூன்றும்தான். அதன்பின் தேங்காய்ப் பல்லைப் போட்டு இரண்டு கிளறு கிளறி இறக்கினோம்.

பச்சைக்கறியைக் கையாளும் சுத்தமும் இந்தக் கட்டத்திலேயே பழகிவிட வேண்டியது, ஏனெனில் சைவச் சமையலில் நாம் கருதிப் பார்க்காத ஆபத்து இதில் இருக்கிறது. கோழிக்கறியில் நோய்க்கிருமி இருப்பது இயல்பு. வேகும்போது அது செத்துவிடும். வேகாத எதிலாவது ஒட்டிக்கொண்டால்தான் கேடு. ஓடும் குழாயடியில் கழுவினால் திவலை தெறித்துப் பக்கத்திலிருக்கும் பாத்திரமெல்லாம் படும் என்பதால், அகன்ற போசியில் தண்ணீர் பிடித்து, கறியை அதற்குள்ளேயே மெதுவாக அலசி வடிப்பதே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கறி நறுக்கிய பலகையில் வெள்ளரியோ தக்காளியோ நறுக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பலகை வேண்டும். மஞ்சள் தடவினால் கிருமி போய்விடும் என்று நம்பி நேரத்தைக் கடத்தவும் கூடாது. நம் சித்திரை வெயிலில் பச்சைக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கலாகாது. கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து, உடனே சமைப்பதோ குளிர்பெட்டியில் வைப்பதோதான் முறை.

நாட்டுக்கோழியின் சுவைக்குப் பிராய்லர் ஈடாகாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தீயில் வாட்டி, மஞ்சள் பூசி, தோலோடு வெட்டித் தரும் சிறுவிடைக் கோழியின் மணம் தனிதான். ஆனால் அது தொடக்கக்காரருக்கு உரியதன்று. ஐந்தாறு மாதமோ அதற்கு மேலோ ஓடித்திரிந்து வளர்ந்த கோழியின் இணைப்புத் திசு இறுகியிருக்கும். கோழியின் வயதைப் பொறுத்து வேகும் நேரம் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை மாறும். வெடக்கோழி என்று சொல்லி முற்றிய கோழியைத் தந்துவிட்டால், அனுபவமில்லாதவரால் கண்டுபிடிக்க முடியாது. விலையும் பிராய்லரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே வறுவலுக்கு நாட்டுக்கோழியை எடுக்காமல் ரசத்துக்கு எடுப்பதே வழி. கால் கிலோ எலும்புக்கறியைக் குக்கரில் நிறையத் தண்ணீர் விட்டு ஆறேழு விசில் வேகவிட்டு, அந்தச் சாற்றில், செலவு ரசத்துக்கு வறுத்து அரைக்கும் அதே மல்லி, மிளகு, சீரகம், பூண்டைக் கரைத்து விட்டால், சைவ வீட்டில் கற்ற கை அப்படியே பலிக்கிறது. கறி சற்று அழுத்தமாக நின்றுவிட்டாலும் சாறு கெடுவதில்லை. எனக்கு இதுவே இரண்டாம் மாதத்துப் பாடமாக அமைந்தது. காய்ச்சலும் சளியும் வந்தால் மகள் இப்போது இதைத்தான் கேட்கிறாள்.

மீன் ஒரு வகையில் எல்லாவற்றிலும் எளிது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கத் தெரிந்தவர் காய்க்குப் பதிலாக மீனைப் போட வேண்டியதுதான். குழம்பு முழுவதும் கொதித்துப் பச்சை வாசம் போன பிறகு துண்டுகளைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சுழற்றி, 8 அல்லது 10 நிமிடத்தில் இறக்கிவிடலாம். மீனின் இணைப்புத் திசு குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடுவதால்தான் அத்தனை விரைவு. கடலுக்குத் தொலைவான நமக்குப் பவானிசாகர், மேட்டூர் அணை மீன்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. இருந்தும் இதை நான் மூன்றாவதாக வைப்பதற்கு இரண்டு காரணங்கள். கட்லாவிலும் ரோகுவிலும் சதைக்குள்ளே கவைபோல் பிரிந்த நுண்ணிய முட்கள் நிறைய உண்டு. சிறு வயதிலிருந்து முள் எடுத்துப் பழகாத நாக்குக்கு அது அச்சத்தைத் தரும். ஜிலேபி மீனில் அந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது வாடை. சைவத்திலிருந்து வருபவருக்கு மீன் வாடைதான் எல்லாவற்றிலும் கடினம். சமைத்து முடித்தபின் உண்ண மனம் வராமல் போனவர்களை நான் அறிவேன். கோழி பழகி இரண்டு மூன்று மாதம் போன பிறகு மீனுக்குப் போனால் மூக்கு இவ்வளவு எதிர்ப்பதில்லை.

வெள்ளாட்டுக்கறியை எதற்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் இடம் அமையும். ரத்தக்குறைவுதான் காரணம் என்றால், அதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆட்டுக்கறியில் 100 கிராமுக்கு இரண்டு முதல் மூன்று மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. கோழியில் அது ஒரு மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். இறைச்சியில் ஹீம் வடிவில் உள்ள இரும்பைக் கீரை, பருப்பின் இரும்பைவிட உடல் எளிதாக உறிஞ்சிக்கொள்கிறது. ஈரலில் இரும்பும் பி12ம் இன்னும் மிகுதி, ஆனால் வைட்டமின் ஏ அளவுகடந்து இருப்பதால் கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்க்கும் வாரம் ஒரு முறை சிறு அளவே போதும். ஆட்டுக்கறியின் விலையோ பிராய்லரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கெட்டுப்போனால் வயிறும் பணமும் ஒருசேர எரியும் என்பதால்தான் பலரும் அஞ்சுகிறார்கள்.

அந்த அச்சத்துக்கு மருந்து குக்கரில் இருக்கிறது. ஆட்டுக்கறியின் இறுகிய திசு கரைய நீண்ட நேரமும் அதிகச் சூடும் வேண்டும். திறந்த சட்டியில் ஒன்றரை மணி நேரம் ஆவது குக்கரில் அரை மணிக்குள் முடிகிறது. கோழி நெஞ்சுக்கறியைக் கெடுத்த அதே குக்கர் இதைக் காக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எனக்குக் கறிச் சமையல் பிடிபட்டது. கால் கிலோ இளங்கறியை முன்னந்தொடையில் எலும்போடு கேட்டு வாங்கி, கண்ணுக்குத் தெரியும் கொழுப்பை வெட்டி நீக்கி, மஞ்சளும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து ஐந்து விசிலும், பிறகு சிறு தீயில் 10 நிமிடமும் வைத்தால் போதும். அழுத்தமாக இருந்தால் இன்னும் இரண்டு விசில் விடலாம், கறி பாழாவதில்லை. வெள்ளாடா செம்மறியா என்று கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தவறில்லை. சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயரைக் கொண்ட செம்மறி இனம் இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்றது. எனினும் செம்மறிக்கறியில் கொழுப்பும் வாடையும் சற்று ஏறுவதால், புதியவர் வெள்ளாட்டையே கேட்பது நலம்.

நீண்ட காலம் சைவமாக இருந்தவருக்குக் கறி செரிக்காது என்று பலர் என்னிடம் சொன்னார்கள். பருப்பின் புரதத்தைச் செரிக்கவைக்கும் அதே நொதிகள்தான் கறியின் புரதத்தையும் செரிக்கவைக்கின்றன. அவை பழக்கம் விட்டதால் மறைந்து போவதில்லை. வயிற்றைப் புரட்டுவது பெரும்பாலும் எண்ணெயும் காரமும், முதல் நாளே கால் கிலோவை ஒருவராக உண்ணும் ஆவலும்தான். ஒருவருக்கு ஒரு வேளைக்கு வெந்த கறி 80 முதல் 100 கிராம், பக்கத்தில் எப்போதும்போல் கீரையோ பொரியலோ என்ற கணக்கில் வைத்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் தொல்லை வரவில்லை. கொள்ளுக் கடைசலும் அரிசிப் பருப்புச் சோறும் வாரத்தில் நான்கைந்து நாள் அப்படியே தொடர்கின்றன. கறி வாரம் இரண்டு நாள். எண்ணெயில் முங்கப் பொரிப்பதை மட்டும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, ஏனெனில் ஆரோக்கியத்துக்காகத் தொடங்கிய ஒன்று அங்கே பொருளிழந்துவிடுகிறது.

பாத்திரம் பற்றிய தேர்வு ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரே பாத்திரத்தில் நன்றாகக் கழுவிச் சமைப்பதில் உடல்நலத்துக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் அம்மா எங்களோடு வந்து தங்கும் நாட்களை எண்ணி, கறிக்கென்று ஒரு வடச்சட்டி, ஒரு குக்கர், இரண்டு கரண்டி, ஒரு பலகை தனியாக வாங்கினேன். அவை பின்கட்டில் தனி அலமாரியில் இருக்கின்றன. புரட்டாசி முழுவதும் அந்த அலமாரி திறப்பதில்லை. கறி சமைக்கத் தொடங்கியதை அம்மாவிடம் சொல்லாமலிருக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உடம்பு தேறுனாச் சரி கண்ணு, எம்பட ரசச் சட்டிய மட்டும் அதுல சேத்தாத” என்றார். அந்த ஈயச்சட்டி சமையலறையில் தன் பழைய இடத்திலேயே இருக்கிறது. நாட்டுக்கோழி ரசத்துக்கு மாமியார் தந்த மண்சட்டியை எடுத்துக்கொள்கிறேன்.